இரண்டு அங்குல ரகசியம்

வல்லரசுகள் தங்கள் ரகசியங்களைக் காக்கப் படையும் பட்டாளமும் வைத்துக்கொண்டு திண்டாடுகின்றன. அதெல்லாம் வீண் செலவு. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தையற்கடைக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினால் போதும். ஒரு ரகசியத்தை எப்படிக் கட்டிக்காப்பது என்று அந்தக் கடை முதலாளி உலகத்துக்கே பாடம் நடத்திவிட்டார். அதற்கு நான் சாட்சி. பேச்சுக்குச் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்ட சாட்சி.

எல்லாம் ஒரு நாற்காலியால் வந்த வினை. கடையின் கட்டிங் மாஸ்டர், எதிர்க்கடைக்குப் போகப்போவதாக ஒருநாள் அறிவித்தார். அங்கே அவருக்குச் சுழல் நாற்காலி தருகிறார்களாம். மாஸ்டரின் கைவண்ணத்தைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் வெட்டிய சட்டையில் நிச்சயமாக இரண்டு கைகள் இருக்கும். இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கும் என்று யாரும் பேராசைப்பட்டதில்லை. ஆனாலும் கடையில் எந்நேரமும் கூட்டம். ஏன் என்று எனக்கே தெரியாது. எனக்கே தெரியாத ஒரு விஷயம் எங்கள் தெருவில் இத்தனை காலம் இருந்திருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் மானம் போகிறது.

முதலாளி அப்போதுதான் ஒரு 'தொழில் மேம்பாட்டுக் கருத்தரங்கு'க்குப் போய், ஒரு கைப்பையும் 'அறிவுச் சொத்து' என்ற சொல்லும் பெற்றுத் திரும்பியிருந்தார். பையைச் சம்சாரத்திடம் கொடுத்தார். சொல்லை மாஸ்டர் மேல் பிரயோகித்தார்.

நான் ஒட்டுக்கேட்கும் ரகம் அல்ல. துணி மாற்றும் அறையில் புதுப் பேன்ட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் 'பணி விலகல் நேர்காணல்' நடந்தால் நான் என்ன செய்ய முடியும்? பேன்ட்டை மெதுவாகப் போட்டேன்.

"இங்க கத்துக்கிட்டது எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுத்தான் போகணும்" என்றார் முதலாளி.

"காஜா எடுக்கறதையுமா?"

"அதையும்."

"பட்டன் வைக்கறதை?"

"அது கம்பெனி சொத்து."

"அப்புறம் அங்க போய் நான் என்னதான் பண்றது முதலாளி?"

"சுத்து. அதுக்குத்தானே நாற்காலி குடுக்கறாங்க."

பிறகு முதலாளியின் குரல் இறங்கியது. "சரி, காஜா பட்டனெல்லாம் போகட்டும். 'அது' இருக்கு பாரு, அது என் சொந்த மூளை. அதை மட்டும் எதிர்க்கடையில செஞ்சேன்னு தெரிஞ்சுது, என் கடையே காலி. நானும் சும்மா இருக்க மாட்டேன்."

எதை? நான் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். திரை, கம்பியோடு கழன்று விழுந்தது. நானும்தான். இப்படியாகக் கடைக்கு முதல் சாட்சி கிடைத்தார்.

எதிர்க்கடைக்காரர் வம்புதும்புக்குப் போகாதவர். "பழைய முதலாளி சம்மதக் கடிதம் குடுத்தாத்தான் சேத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். கடிதம் வேண்டுமென்றால் மாஸ்டர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார் முதலாளி. பத்திரம் தயாரிக்கும் பொறுப்பு அவர் மச்சானுக்கு வந்தது. மச்சான் சட்டம் படித்தவர். மற்றவர்கள் அவசரப்பட்டுச் சில வருடங்களில் முடித்துவிடுகிற படிப்பை, அவர் நிதானமாக இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா, என்ன ரகசியம்னு தெளிவா எழுதணும். சாட்சிங்களுக்கும் வாசிச்சுக் காட்டணும். புரியாம போட்ட கையெழுத்து செல்லாது."

சாட்சிகளாகத் தெருவின் கண்ணியமான மூவர் அழைக்கப்பட்டோம்: பள்ளித் தலைமை ஆசிரியை, வங்கி மேலாளர், நான். மூவரும் அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மச்சான் எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்.

"மேற்படி ரகசியமாவது: வாடிக்கையாளரின் இடுப்பை அளக்கும்போது, டேப்பில் உள்ளதைவிட இரண்டு அங்குலம் குறைத்து உரக்கச் சொல்லுதல். துணியை மட்டும் உள்ள அளவுக்கே வெட்டுதல். அதனால் வாடிக்கையாளர் மனமகிழ்ந்து திரும்பத் திரும்ப வருதல்."

தையல் மிஷின்கள் நின்றன. வங்கி மேலாளர் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை அங்கேயே வைப்பு வைத்தார்.

"அப்ப என்னோட முப்பத்தி நாலு?" என்றார் தலைமை ஆசிரியை.

"டீச்சரம்மா, உங்களுக்கு என்னைக்கும் முப்பத்தி நாலுதான்" என்றார் மாஸ்டர். "டேப்புக்கு என்ன தெரியும்?"

மச்சானுக்கு இது போதவில்லை. 'செய்முறை விளக்கம்' வேண்டும் என்றார். கையெட்டும் தூரத்தில் இருந்த இடுப்பு என்னுடையது. டேப் சுற்றியது.

"நாப்பது!" என்று தெருமுனை வரை கேட்கும்படி மச்சான் அறிவித்தார். "இவர்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"முப்பத்தி எட்டு" என்றார் மாஸ்டர், என்னைப் பார்க்காமல்.

முப்பத்தெட்டு என்று சொந்தபந்தம் பூராவும் சொல்லி வைத்திருந்தவன் நான்.

பிறகென்ன, கையெழுத்துப் போட்டோம். ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்று சாட்சிகளிடமும் எழுதி வாங்கினார்கள். நான் வாக்கு மாறாதவன். மனைவியிடம் மட்டும் சொன்னேன். பிறகு முடிதிருத்துபவரிடம், அவர் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டு சொன்னேன்.

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க பேன்ட்டைக் கொடியில காயப்போட்டா பக்கத்து வீட்டுக்கும் சேத்து நிழல் விழுது. இதுல ரகசியம் வேறயா?"

மாஸ்டர் போனார். புது மாஸ்டர் வந்தார். இங்கேதான் முதலாளியின் மேதைமை முழுதாக வெளிப்பட்டது. ரகசியத்தைப் புது மாஸ்டருக்குச் சொன்னால் நாளைக்கு அவரும் அதைத் தூக்கிக்கொண்டு போவார். ஆகவே சொல்லக்கூடாது. சொல்லாத ரகசியத்தைவிடப் பத்திரமான ரகசியம் ஏது? விஷயம் தெரியாத புது மாஸ்டர், டேப்பில் இருந்ததை இருந்தபடி, நல்ல கணீர்க் குரலில் அறிவித்தார். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள்.

நானும் கடந்தேன். சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார் மாஸ்டர். டேப்பைப் போட்டார்.

"முப்பத்தி ஏழு, அண்ணே."

"என்னப்பா இது? குறைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கியே?"

அவர் காதோரம் குனிந்தார். "பத்திரத்துல ரெண்டு அங்குலம்னுதான் அண்ணே இருக்கு. நான் மூணு குறைக்கறேன்."

அப்போதுதான் முதலாளி, கையில் பத்திரமும் பின்னால் மச்சானுமாக உள்ளே புகுந்தார். உள்ளே நாங்கள் மூன்று சாட்சிகளும் வரிசையில் நின்றோம். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்லவேளை, நீங்களே இருக்கீங்க! இவன் என் பொழப்பையே கெடுத்துட்டான். உங்க இடுப்பு எவ்வளவுன்னு இப்ப இவன் சொன்னான்? உண்மை எவ்வளவு? சொல்லுங்க. உங்க ஒரு வார்த்தையிலதான் என் கடை இருக்கு."

கடை முழுக்க என் இடுப்பைப் பார்த்தது.

"முப்பத்தி ஏழு" என்றேன். "உண்மையும் அதேதான்."

"அன்னைக்கு நாப்பதுன்னு கண்ணால பாத்தோமே!"

"இளைச்சுட்டேன். தினமும் நடக்கறேன்."

"நானும்தான் நடக்கறேன்" என்றார் தலைமை ஆசிரியை. வங்கி மேலாளர் மூச்சை விட முடியாத நிலையில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

"மூணு பேரும் கையெழுத்துப் போட்டீங்களே!" முதலாளியின் குரல் உடைந்தது.

"போட்டோம்" என்றேன். "ரகசியத்தை வெளிய சொல்ல மாட்டோம்னு. அதைத்தானே காப்பாத்திட்டு இருக்கோம்?"

மச்சான் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, சட்டப்படி அது சரி என்றார்.

இப்போது எங்கள் தெருவில், வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லும் தையற்கடை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முப்பத்தேழு அங்குல இடுப்போடு மாடி ஜன்னலில் சாய்ந்து பார்க்கிறேன். முதலாளி தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். பாவம், நல்ல மனிதர். பொய் சொன்ன வரைக்கும் நாங்கள் அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை.