சீனி மட்டும் கொடுத்த சுடுதண்ணி அக்கா

பதுளை மாவட்டத்தில் ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு தேயிலைத் தோட்டத்தையே எதிர்த்து நின்ற மனுஷி எங்கள் சுடுதண்ணி அக்காதான். அந்தச் சொல் ‘தண்ணி’. மடுல்சீமைப் பக்கம் எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் குழாய் இருந்தது, தண்ணீர்தான் வரவில்லை. அதனால் வேறு எந்த அர்த்தத்திலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த அக்கா யாரையும் விடமாட்டார். அவருடைய கோபத்துக்கு நாங்கள் வைத்த பெயர்தான் சுடுதண்ணி. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

ஒரு சம்பள நாளில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், "மாமா நல்லா தண்ணியில இருக்காரு" என்று சொல்லிவிட்டான். அக்கா குடத்தோடு வெளியே வந்தார்.

"எந்தத் தண்ணியிலடா இருக்காரு? எடத்தைச் சொல்லு, நானும் போய் மொண்டுக்கிறேன்!"

கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த நானும் ஒருநாள் மாட்டினேன். "நம்ம ஆளு அவனுங்களுக்குத் தண்ணி காட்டிட்டான்க்கா" என்றேன். "அப்படியா? அவனை இங்க வரச் சொல்லு. எங்களுக்கும் காட்டட்டும்" என்று டிவியை அணைத்துவிட்டுத்தான் போனார். ஆட்டத்தின் முடிவை மறுநாள் பஸ்ஸில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவருடைய மகனைப் பாராட்ட நினைத்த வாத்தியார்தான் பாவம். "கணக்குன்னா இவனுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார்.

"அவன் மேல தண்ணி பட்டு ஒரு வாரமாகுது சேர். பக்கத்துல போய் மோந்து பாருங்க!"

சிரித்தோம். ஆனால் அக்கா சும்மா எரிந்து விழவில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். "பச்சைப்புள்ளையக் குளிப்பாட்டக்கூட ஓடைக்கு எறங்கணும். அந்த லயத்துக்கு எப்படிங்க அனுப்புறது?" என்று சம்பந்தி வீட்டில் மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் ஆத்திரம்.

எங்கள் மேலேயும் அவருக்கு ஆத்திரம் இருந்தது. தண்ணீர் இல்லாததைப் பார்வையிட அதிகாரிகள் அடிக்கடி வருவார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. பெண்கள் ஓடையிலிருந்து மூச்சிரைக்கச் சுமந்து வந்த தண்ணீரில் பால் சேர்க்காத சாயத்தண்ணி போட்டுக் கொடுப்போம். குடித்துவிட்டு, "நல்ல தேத்தண்ணி" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விடுவார்கள். இப்படி ஒரு முட்டாள் ஜனம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த முறை பெரிய அதிகாரி வந்தபோது உபசாரம் முழுவதையும் அக்காவே எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் சாயத்தண்ணியில் சீனி கலப்பதில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, அதை நக்கி நக்கிக் குடிப்போம். அக்கா சிரித்த முகத்தோடு அதிகாரியின் வலது கை நிறையச் சீனியைக் கொட்டினார். அவர் கையை நீட்டியபடியே நின்றார். வெயில் ஏறியது. சீனி கசிந்து மணிக்கட்டுக்கு வந்தது. பைக்குள் போன் அடித்தது, எடுக்க முடியவில்லை. ஈக்களும் வந்து சேர்ந்தன.

"தேத்தண்ணி இன்னும் வரலியே?"

"தேயிலை இருக்கு சேர், சீனியும் குடுத்தாச்சு. தண்ணிதான் நீங்க கொண்டு வரணும். அதுக்குத்தானே வந்தீங்க?"

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "கை கழுவவாவது கொஞ்சம்..."

"கீழ ஓடையில நெறைய ஓடுது சேர். படி வழுக்கும், பாத்துப் போங்க. வரும்போது ஒரு குடம் தூக்கிட்டு வாங்க."

மனிதர் உண்மையிலேயே இறங்கினார். திரும்பி வந்தபோது கால்சட்டையில் சேறு, மார்பு ஏறி இறங்கியது, குடம் மட்டும் இல்லை. "இவ்வளவு கீழயா இருக்கு?" என்றார்.

"அந்தப் படியில எம்மகளை வயித்தோட எறக்கவா சேர்?"

அப்போதுதான் அக்காவின் குரல் உடைந்தது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

தண்ணீர் வந்தது. ஆனால் மகள் ஸ்பிரிங்வெளியிலேயே பெற்று எழுந்த பிறகுதான் வந்தது. அதற்கும் வெட்கமில்லாமல் ரிப்பன் கட்டி, மாலை போட்டு, மைக் வைத்துத் திறப்புவிழா நடத்தினார்கள். "இப்ப சந்தோஷந்தானே?" என்று மைக்கை நீட்டியவரிடம் அக்கா சொன்னது ஒரே வார்த்தை. அதை வாரப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

தீபாவளிக்கு மகள் குழந்தையோடு வந்தாள். விடிந்ததும் அக்கா பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப் போனார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துடைத்து, மகள் மடியில் போட்ட பிறகும் குழாயை மூடவில்லை. ஒரு சொட்டு சிந்தினாலும் எங்களை உண்டு இல்லை என்று ஆக்குகிற மனுஷி, தண்ணீர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். லயமே வாசலில் நின்று பார்த்தது. குழாயை மூடச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.