பட்டாபியின் ஏழாம் அத்தியாயம்

டிஜிட்டல் நாணயம் எதற்காகப் படைக்கப்பட்டது என்று உலகப் பொருளாதார மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், ஸ்ரீவராகம் பேட்டைக்கு வந்து பட்டாபியைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அவரை எழுத்தாளராக்கத்தான்!

இருபத்தைந்து வருஷம் ஆபீஸில் சர்க்குலர் எழுதி, விருப்ப ஓய்வு பெற்றவர் பட்டாபி. கவிதை எழுதினார், பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. சமையல் குறிப்பு எழுதினார், மனைவி சூடாமணி திருப்பி அனுப்பினாள். பிறகு கிரிப்டோவைப் பற்றி எழுதினார். ஒருவருக்கும் புரியவில்லை. அன்றைக்கே 'நிபுணர்' ஆகிவிட்டார். இரண்டு புத்தகம், நாலு வாட்ஸ்அப் குழு, 'சிந்தனைத் தலைவர்' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டு எல்லாம் மளமளவென்று வந்து சேர்ந்தன.

மூன்றாவது புத்தகத்துக்கு 'அனுபவ ஆழம்' தேவைப்பட்டது. அதை வழங்கும் பாக்கியம் சூடாமணியின் தங்கை பத்மஜாவுக்குக் கிடைத்தது. கரமனையில் வாடகை வீட்டில் இருக்கும் ஸ்கூல் டீச்சர் அவள். சின்னதாக ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுக்கப் பதினோரு வருஷமாகச் சேர்த்ததை அப்படியே அவரிடம் தந்தாள்.

"அத்திம்பேரே, சித்திரையில ஃபிளாட்காரனுக்குக் கொடுத்தாகணும். பயம் ஒண்ணும் இல்லையே?"

"பயமா? நான் புஸ்தகமே எழுதிண்டிருக்கேன், பத்மஜா!"

பணம் கிரிப்டோவாகி, பட்டாபியின் போனில் இருந்த 'வாலட்'டில் குடியேறியது. அதற்குச் சாவி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். அவற்றை வரிசையாகத் தெரிந்தவன் எந்த ஊரில் உட்கார்ந்தும் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போகலாம். இந்த ஆபத்தை விளக்கவே ஏழாம் அத்தியாயம்: 'பன்னிரண்டு சொற்களை எவரிடமும் சொல்லாதீர்.' விளக்கத்துக்கு உதாரணம் வேண்டாமா? பட்டாபி தம் வாலட்டின் பன்னிரண்டையும் கட்டம் கட்டி, வரிசை எண் போட்டு, தடித்த எழுத்தில் சேர்த்தார்.

சாலைக் கடைத்தெருவில் புத்தகத்தை அச்சுக்கு வடிவமைத்த மலையாளி பிஜுவுக்கே கை நின்றுவிட்டது.

"சாரே, இது ஒறிஜினல் ஆணோ? மாற்றி வேற ஏதாவது போடட்டே?"

"ஆபீஸ்ல மாதிரிப் படிவத்தைக்கூட உண்மை விவரத்தோட பூர்த்தி பண்ணி அனுப்பினவன் நான். எழுத்தில பொய் கூடாது, கள்ளம் பாடில்லா, பிஜு!"

வெளியீட்டு விழா ராகுகாலம் கழித்து மங்களகரமாக நடந்தது. இருநூறு பிரதிகள் இலவசம். வாழ்த்துரை வழங்கிய ஆறு பேரும் புத்தகத்தைத் திறக்கும் அநாகரிகத்தில் இறங்காமல், அட்டையைப் பார்த்தே 'காலத்தின் கட்டாயம்' என்றார்கள். போளியும் காப்பியும் தீர்ந்ததும் சபை கலைந்தது.

மூன்றாம் நாள் வாலட் காலி.

செய்தி கேட்டு பத்மஜா ஸ்கூலிலிருந்து நேரே ஓடி வந்தாள். பட்டாபியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனந்தத்தில்!

"யாரோ ஏழாவது அத்தியாயம் வரைக்கும் படிச்சிருக்கான், பத்மஜா! ஒரு வார்த்தை விடாம படிச்சிருக்கான்!"

"ஐயோ, அவனைக் கண்டுபிடிங்கோ அத்திம்பேரே!"

"கண்டுபிடிக்காம விடுவேனா? ஒரு மதிப்புரை எழுதித் தரச் சொல்லணுமே."

பத்மஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷம் ஆட்டோ ஏறாமல், நல்ல புடவை எடுக்காமல் சேர்த்த பணம். வாய்விட்டு அழுதாள். இலக்கியத்துக்குத் தான் ஆற்றிய தொண்டு அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

சூடாமணி பதறிப்போய்க் கணவரைப் பார்த்தாள். "உங்க ரிட்டயர்மெண்ட் பணம்? அதுவும் போயிடுத்தா?"

பட்டாபிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது?

"அது போஸ்டாபீஸ்ல பத்திரமா இருக்கு. சொந்தப் பணத்தைக் கிரிப்டோவில போட்டா எழுத்தில நடுநிலை போயிடாதோ?"

பத்மஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்போ அடுத்த புஸ்தகத்துக்கு யாரோட பணம், அத்திம்பேரே?"

நடுநிலை தவறாத அந்த எழுத்தாளர் சற்று யோசித்தார். பிறகு மிகுந்த பரிவோடு கேட்டார்:

"உங்க ஸ்கூல்ல மொத்தம் எத்தனை டீச்சர்?"