சத்தமில்லாமல் ஒரு சந்தடி

மற்ற ஊர்களில் சந்தடி தானாக உண்டாகிறது. கேட்பாரில்லை, கட்டுப்பாடில்லை, காட்டுச்செடி மாதிரி. எங்கள் ஜப்பானிய நகராட்சி ஒன்றுதான் அதற்கென்று தனிப் பிரிவு அமைத்து, மானியம் கொடுத்து, முறைப்படி வளர்த்து வருகிறது. ரயில் நிலையச் சதுக்கத்தில் நடக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கு உதவி வழங்கும் அந்தச் ‘சந்தடி வளர்ச்சிப் பிரிவி’ல் அடியேன் மொரிவாகி உதவி அலுவலன். மானியத்துக்கு நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். யாரிடமிருந்தும் புகார் வரக் கூடாது.

இந்த முறை மானியம் கிடைத்தது கடைத்தெரு பேண்டு குழுவுக்கு. குழுத்தலைவர் எபிசாவா, டோஃபு என்கிற சோயாக்கட்டி விற்கும் கடைக்காரர். ஊதினால் அக்கம்பக்கம் எழுந்துவிடும் என்பதால், இத்தனை காலமும் சத்தம் வெளியே போகாத கரோக்கே பாட்டு அறையில் வாடகை கொடுத்துத்தான் பயிற்சி செய்தார்கள். டிரம்போன் என்ற நீண்ட பித்தளைக் குழல் வாசிக்கும் தொகிகோவின் கணவருக்கு வடகோடித் தீவுக்கு மாற்றல் வந்துவிட்டது. ஏப்ரல் பிறந்தால் எங்கள் நாட்டில் பாதிப் பேர் மூட்டை கட்டுவார்கள். தொகிகோவுக்கு மிஞ்சியிருந்தது மார்ச் கடைசி ஞாயிறு மட்டும்.

“ஒரே ஒரு தடவை சார். வானத்துக்குக் கீழ நின்னு, மூச்சு முட்ட ஊதிட்டுப் போயிடுறேன்” என்றார்.

எங்கள் பிரிவுத் தலைவர் குரமொச்சி நெகிழ்ந்துபோனார். “தாராளமா ஊதுங்கம்மா. சத்தம் மட்டும் வேண்டாம்.”

நிகழ்ச்சிக்கு முன்பே அக்கம்பக்கத்தாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். தலைவரும் நானும் இனிப்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறினோம். சதுக்கத்தைப் பார்த்த அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் குட்சுனா என்ற பெரியவர் தனியாக இருந்தார். தலைவர் இடுப்பு ஒடிய வணங்கினார்.

“ஞாயித்துக்கிழமை கீழ பேண்டு வாசிக்கிறாங்க. உங்களுக்குப் பெரிய தொந்தரவு. மன்னிக்கணும்.”

“பேண்டா?” பெரியவர் காதுக் கருவியைத் திருகிக்கொண்டார். “இங்க வரைக்கும் கேக்குமா?”

“ஐயையோ, கேக்கவே கேக்காதுங்க! அதுக்கு நான் பொறுப்பு.”

பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று. “அப்படியா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

லிஃப்டுக்குள் தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியாய்யா, எவ்வளவு கோபம்!”

“அவர் ஒண்ணுமே சொல்லலையே சார்.”

“அதான்யா கோபம்! வாய்விட்டுச் சொன்னா சாதாரணப் புகார். சொல்லாம கதவைச் சாத்தினா பெரும்புகார். முகத்தைப் படிக்கத் தெரியாதவன்லாம் எப்படித்தான் இந்த வேலைக்கு வர்றீங்களோ.”

மக்கள் சொன்னதைச் செய்கிற அரசுகள் ஏதோ சில இருக்கலாம். மக்கள் சொல்லாததையும் செய்து முடிக்கிற அரசு எங்களுடையது. மறுநாளே ‘கூடுதல் பரிவு நடவடிக்கைகள்’ அமலுக்கு வந்தன. குழல் வாத்தியங்களின் வாயில் துண்டைத் திணிக்க வேண்டும். டிரம்முக்குப் பதில் மெத்தை. ரசிகர்கள் கை தட்டாமல் கைக்குட்டை ஆட்ட வேண்டும்.

“அப்ப நாங்க என்னதான் சார் பண்றது?” என்றார் எபிசாவா.

“வாசிங்க! மானியமே அதுக்குத்தானேய்யா குடுக்கிறோம்.”

ஞாயிறும் வந்தது. குழு கன்னம் உப்ப உப்ப ஊதியது. மெத்தை அடி வாங்கியது. கூட்டம் என்று கூடிய பத்துப் பதினைந்து பேர் மரியாதையாகக் கைக்குட்டை ஆட்டினார்கள். புறாக்கள்கூடப் பறக்கவில்லை. தலைவரின் கண்கள் கலங்கின. தொகிகோவின் கண்களும்தான், ஆனால் அது வேறு காரணத்துக்காக.

அப்போது குட்சுனா இறங்கி வந்தார். கோட்டு போட்டு, டை கட்டி, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். குழு ஊதுவதைப் பார்த்தார். காதுக் கருவியைத் தட்டினார். கழற்றி ஊதினார், பேட்டரியை மாற்றி மறுபடி மாட்டினார். அப்புறம் தள்ளாடி எழுந்தார்.

“ஐயோ, போச்சே! என் காது சுத்தமாப் போச்சே! பேண்டு பார்க்கன்னு வந்தேனே, ஒண்ணும் கேக்கலையே!”

தலைவர் அவசரமாக ஓடி, “இல்லைங்க, எல்லாம் உங்க நன்மைக்காகத்தான்...” என்று அவர் காதில் ரகசியம் பேசினார். அதுவும் பெரியவருக்குக் கேட்கவில்லை.

தொகிகோ டிரம்போனிலிருந்து துண்டை உருவி எறிந்தார். மூச்சை இழுத்து, ஊர் அதிர ஒரு ஊது ஊதினார்.

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். “கேக்குது!” என்று கத்தினார். “கேக்குதும்மா! இன்னும் ஊது!”

அடுத்த நொடி துண்டுகள் பறந்தன. எபிசாவா மெத்தையை உதைத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த நிஜ டிரம்மை இழுத்தார். ரயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கூடையில் வெங்காயத்தாளோடு வந்த பெண்கள் ஆடினார்கள். ‘சந்தடி’ என்ற பொருளை எங்கள் பிரிவு நேரில் பார்த்தது அன்றுதான். தலைவர் பதறிப்போய் ஒவ்வொருவரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்களும் ஆடியபடியே பதிலுக்குக் குனிந்தார்கள். தொகிகோ அழுதுகொண்டே ஊதினார், ஒரு சுரமும் பிசகவில்லை.

அந்த வாரம் முழுவதும் அலுவலகமே தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒரு புகாரும் வரவில்லை. தொகிகோ வடக்கே போய்ச் சேர்ந்தார். இரண்டு வாரம் கழித்து எபிசாவா அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் கொண்டுவந்து கொடுத்தார். தலைவர் ஒப்புதல் முத்திரையைக் கையில் எடுத்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவர் குட்சுனா.

“என்னய்யா இது, போன ஞாயித்துக்கிழமை சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்துச்சு? அந்தப் பேண்டு எங்க? எப்ப வருது?”

தலைவர் வணங்கியபடியே போனை வைத்தார். முத்திரையையும் வைத்தார்.

“பேண்டு சம்பந்தமாப் புகார் வந்திருச்சு” என்றார்.

நிபந்தனை நிபந்தனைதான். எபிசாவாவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. யார் புகார் செய்தது என்று அவர் கேட்டார். அதைச் சொல்வது தனிமனித உரிமைக்கு எதிரானது என்பதால் சொல்லவில்லை. இப்போது சதுக்கத்துக்கான மானியம் பூந்தொட்டிகளுக்குப் போகிறது. அவை அமைதியாகப் பூக்கின்றன, அமைதியாக வாடுகின்றன.

குட்சுனா மட்டும் விடுவதாயில்லை. வாராவாரம் போன் செய்து பேண்டைக் கேட்கிறார். அந்தப் பேண்டைத் தடுத்துவைக்க இந்த ஊரிலேயே எங்களுக்கு இருக்கும் ஒரே புகார்தாரர் அவர்தான். அவர் நீடூழி வாழ வேண்டும்.