ஆட்காட்டி எண்ணிய தனி ஆவர்த்தனம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் சமையல்காரர் பஞ்சாபகேசன். கொரோனா அடங்கிக் கல்யாண மண்டபங்களைத் திறந்துவிட்ட வருஷம், தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் என் சின்னவனுக்குக் கல்யாணம். பந்தி முடிந்து அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்ட பிறகு உட்கார்ந்து சொன்னார். முப்பது வருஷம் சபா கேன்டீன்களில் வடை தட்டியவர், அதனால் கச்சேரி விஷயமெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொன்னபடியே சொல்கிறேன். நான் கூட்டியது கொஞ்சம்தான், அது கடவுளுக்குத் தெரியும்.

ஒரு காட்டில், காடு என்றால் கடலோரக் காடு, ஒரு பக்கம் உப்பங்கழி, ஒரு பக்கம் மணல்மேடு, அங்கே குமுதவல்லி என்று ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். அவள் வீட்டுக்காரன் பெயர் மாசிலாமணி. ஆட்காட்டிக்கு மரத்தில் கூடு கட்டத் தெரியாது. வெறுந்தரையில் நாலு கூழாங்கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு அங்கேயே முட்டை வைக்கும். வைத்த முட்டையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறவும் முடியாது. போன வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்குக் கழித் தண்ணீர் என்றும் இல்லாத உயரத்துக்கு ஏறி வந்து, நாலு முட்டையையும் அவள் கண்ணெதிரே கொண்டுபோய்விட்டது.

கழி விளிம்பிலிருந்து மேட்டு உச்சி வரைக்கும் ஒரே வரிசையில் பதினெட்டுப் பனை நின்றன. கீழே போனால் தண்ணீர். பதினாறாவது பனைக்கு மேலே கீரிகளின் குடியிருப்பு. கீரிக்கு முட்டை என்றால் தீபாவளி. கீரியிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறாளோ அவ்வளவு நல்லது, ஆனால் தண்ணீர் தொடவும் கூடாது. இந்த வருஷம் தண்ணீர் எத்தனையாவது பனை வரை வரும்? குமுதவல்லிக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு அதைத்தான் கேட்பாள்.

அது தெரிந்த ஒருத்தி அந்தக் காட்டுக்கு ஐப்பசியில் வந்து இறங்கினாள். ஆலா என்கிற கடற்பறவை. பூமியின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு வருஷம் தவறாமல் பறக்கிறவள். படித்தவள். அங்கே பனி எவ்வளவு உருகியது, அதனால் இந்தக் கழியில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று இருபது வருஷமாக அளந்து வைத்திருந்தாள். வருகிற சித்திரைக்கு எந்தப் பனை என்று அவளிடம் ஓர் எண் இருந்தது. அதை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போக நினைத்தாள். ஆனால் காட்டில் ஒலிபெருக்கி இருந்தது ஒரே ஒருவரிடம், வன ரசிக சபாவின் காரியதரிசி புனுகுப்பூனையிடம்.

புனுகுப்பூனை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கேட்டுவிட்டு, விஷயம் ரொம்ப நல்ல விஷயம், ஆனால் இப்படி மொட்டையாகச் சொன்னால் யார் மனசிலும் ஒட்டாது, ஓவியமாகவும் சங்கீதமாகவும் கொடுத்தால்தான் உள்ளே இறங்கும் என்றது. மார்கழியில் விழா வைத்துவிடலாம், அதுவரை அந்த எண்ணை யாரும் வாயால் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் ரசனை கெட்டுவிடும் என்று ஒரு படிவத்தை நீட்டியது. மூன்று பிரதி, ஒவ்வொன்றிலும் வலது கால் நகம் பதிக்க வேண்டும். படிவம் வாங்க ஒரு வரிசை, கொடுக்க ஒரு வரிசை. இரண்டு சமுத்திரத்தைத் தனியாகத் தாண்டுகிற ஆலா, பெருச்சாளிக்குப் பின்னால் இரண்டு நாள் நின்று நகத்தைப் பதித்துக் கொடுத்தாள்.

குமுதவல்லி விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தபோது ஆலா தெற்கே புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆலா அக்கா, எனக்கு ஓவியமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எந்தப் பனைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

ஆலா தலையைக் குனிந்துகொண்டாள். “கையெழுத்துப் போட்டுட்டேனே தங்கச்சி” என்றாள். சொல்லிவிட்டு, மனசு கேட்காமல், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். எண்ணைத் தனி ஆவர்த்தனத்தில் வைத்திருக்கிறார்களாம். பாடுகிறவர் வாயை மூடிக்கொள்ள, மிருதங்கக்காரர் மட்டும் வாசிப்பாரே அந்தப் பகுதி. “வித்வான் ஓங்கித் தட்டித் தட்டி நிறுத்துவார். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பனை. எண்ணிக்கோ.”

அவ்வளவுதான், பறந்துவிட்டாள். திரும்பி வர வைகாசி ஆகும்.

மார்கழி பிறந்தது. பனை வரிசைக்கு மேற்கே இருந்த பெரிய ஆலமரத்தடிதான் சபா. வாசலில் ஓவியக் கண்காட்சி. பச்சோந்தி வரைந்த படங்கள் வரிசையாகத் தொங்கின. முதல் சட்டத்தில் வெள்ளை. இரண்டாவது சட்டத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைந்த வெள்ளை. மூன்றாவதில் வெறும் சட்டம். இந்தக் காட்டில் யாரும் பனியைப் பார்த்ததில்லை, பச்சோந்தியும் பார்த்ததில்லை. வெள்ளைக் கரடி என்று ஒன்று இருந்தது, அதற்கு மாதிரியாக உட்கார்ந்தது நம்ம ஊர்க் கரடிதான். சுண்ணாம்பு அடித்த தன் முகத்துக்குப் பக்கத்தில் அது காலையிலிருந்து நின்று, வந்தவர் போனவரோடெல்லாம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

நடுவில் ஓர் உருளியில் பெரிய ஐஸ் பாளம். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மரத்தூள் போட்டுக் கொண்டுவந்தது. அது உருக உருக எல்லாரும் பூமியை நினைத்து வருந்த வேண்டும் என்று ஏற்பாடு. காட்டுப்பூனைகள் இரண்டு மீன் வாசனைக்கு அதை நக்கிக்கொண்டிருந்தன. எருமை ஒன்று உற்றுப் பார்த்துவிட்டு, மேலே உட்கார்ந்தால் சுகமாக இருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னது. அதையும் கருத்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வரும் வழியில் அணிலம்மாள் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். கண்காட்சி உங்களுக்கு எவ்வளவு வேதனை தந்தது? கொஞ்சம், நடுத்தரம், மிகவும். கட்டத்தில் குறி போட வேண்டும். குமுதவல்லிக்குப் படிக்கத் தெரியாது. அணிலம்மாள் வாசித்துக் காட்டினாள். அதில் பனை பற்றி ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று குமுதவல்லி கேட்டாள். அப்படி ஒரு கட்டம் இல்லை. அணிலம்மாள் தானாகவே ‘நடுத்தரம்’ என்று போட்டுக்கொண்டாள்.

கச்சேரி தொடங்கியது. முன்வரிசை நடுவில் தலைமை விருந்தினர் புலி, பட்டுச் சால்வையோடு. பாட்டு குயில். பனிக்காகவே புதிதாக ஒரு ராகம் கட்டியிருந்தார். ஏறும்போது ஏழு ஸ்வரமும் இருக்கும், இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கரைந்து கடைசியில் ஒன்றே ஒன்று நிற்கும். யானைக்குக் கண்ணீர் தாரையாக வழிந்தது. பின்வரிசையில் இரண்டு மைனாக்கள், இது தோடியின் சாயல் என்றும் இல்லை சுபபந்துவராளி என்றும் மூக்கு உடைகிற அளவுக்குச் சண்டை போட்டன. தண்ணீர் எங்கே வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குமுதவல்லி பொறுத்துக் காத்திருந்தாள்.

குயில் பாடி முடித்து மரங்கொத்தி வித்வானைப் பார்த்துத் தலையை அசைத்தார். தனி ஆவர்த்தனம். வித்வான் அலகைத் துடைத்துக்கொண்டார்.

சபை முழுக்க எழுந்தது.

கோபித்துக்கொண்டு அல்ல. தனி என்றால் எழுந்து கேன்டீனுக்குப் போவது அந்தக் காட்டில் பழக்கம். மேட்டு உச்சியில் கீரிகள் நடத்துகிற கேன்டீனில் அந்த நேரத்துக்குத்தான் கீரை வடை சூடாக இறங்கும். யானை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனது. மைனாக்கள் சண்டையை அங்கே தொடர்ந்தன. பூமியைக் காப்பாற்ற வேண்டிய எண்ணை எடுத்து, யாருமே உட்காராத இடமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். கடவுள் மன்னிக்கட்டும், அதைப் பெரிய யோசனை என்று சபாவில் எல்லாரும் பாராட்டிக்கொண்டதும் உண்டு.

மிச்சம் இருந்தது புலி, நேரம் பார்த்துக்கொண்டு புனுகுப்பூனை, தாளம் போட்டபடியே தூங்குகிற ஒரு கழுதை, குமுதவல்லி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஓங்கித் தட்டித் தட்டி, நிறுத்தம். ஒன்று. மறுபடியும் தட்டு, நிறுத்தம். இரண்டு. வித்வானுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போயிற்று. ஏழு. எட்டு. ஒன்பது.

அப்போது புலி கொட்டாவி விட்டது. புனுகுப்பூனை மேடையோரமாகப் போய் வித்வான் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தது. அதில் எழுதியிருந்தது ‘போதும்’. குமுதவல்லிக்குத்தான் படிக்கத் தெரியாதே. ஏதோ பாராட்டுச் சீட்டு என்று நினைத்துக்கொண்டாள். வித்வான் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு நாலு தட்டில் சுருட்டி முடித்துவிட்டார். குயில் மங்களம் பாடினார். புலிக்கு மாலை, மரங்கொத்திக்குச் சால்வை. தனி முடியும்வரை இடத்தை விட்டு அசையாத சிறந்த ரசிகை என்று குமுதவல்லிக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

அவள் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். “ஏங்க, ஒன்பதுங்க.”

மாசிலாமணி நிதானமானவன். இன்னும் ரெண்டு பனை தள்ளியே வைப்போமே என்றான். கீரி வாசல் பக்கம் போகணுமா என்று அவள் கேட்டாள். கடைசியில் ஒன்பதுக்கு ஒன்று கூட்டிப் பத்தாவது பனையடியில் வைப்பது என்று முடிவாயிற்று. பங்குனியில் நாலு முட்டை வைத்தாள். வெயிலில் சிறகை விரித்து நிழல் கொடுத்தாள். சூடு தாங்காத நேரத்தில் வயிற்று இறகைக் கழியில் நனைத்து வந்து மேலே உட்கார்ந்து குளிர வைத்தாள். சித்திரைப் பௌர்ணமிக்கு முதல் நாள் இரண்டு குஞ்சு பொரித்தன. மற்ற இரண்டு முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பௌர்ணமியன்று சபாவில் ரசிகர்கள் விருப்பத்துக்காக அதே கச்சேரியை மறுபடியும் வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக் கச்சேரி. குயில் பாட்டு காற்றில் மிதந்து வந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறத் தொடங்கியது.

ஐந்தாவது பனையின் அடி முழுகியதைக் குமுதவல்லி பார்த்தாள். பயப்படவில்லை. எட்டாவது முழுகியது. ஒன்பதாவது பனையின் அடியைத் தண்ணீர் சுற்றிக்கொண்டபோது, சரி, இதோடு நின்றுவிடும் என்று மாசிலாமணியிடம் சொன்னாள். தண்ணீர் நிற்கவில்லை. அவள் காலை நனைத்தது. மாசிலாமணி இரண்டு குஞ்சுகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தான். பொரித்த மறுநாளே ஆட்காட்டிக் குஞ்சுக்கு நடக்க வந்துவிடும், அந்த மட்டுக்குத் தெய்வம் கொடுத்திருக்கிறது. முட்டைக்குக் காலை எங்கே போய் வாங்குவது? அவள் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

சபாவில் தனி ஆவர்த்தனம் வந்தது. வழக்கம்போல எல்லாரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவை தலைமை விருந்தினர் கிடையாது, அதனால் புனுகுப்பூனையும் வடைக்குப் போய்விட்டது. சீட்டுக் கொடுக்க ஆளில்லை. வித்வான் நிம்மதியாக வாசித்தார். தட்டும் நிறுத்தமும் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டன.

ஒன்பது வந்தது. குமுதவல்லி தலையை நிமிர்த்தினாள்.

வாசிப்பு நிற்கவில்லை. பத்து. பதினொன்று. அவள் மார்பு வரைக்கும் தண்ணீர். பன்னிரண்டு. அடியில் முட்டைகள் நகர்ந்தன. உள்ளேயிருந்து அலகால் ஓட்டைத் தட்டுகிறது ஒரு குஞ்சு, வயிற்றுத் தோலில் அது தெரிந்தது. பதின்மூன்று. பதினான்கு.

அதோடு வித்வான் முடித்தார். தண்ணீரும் பதினாலாவது பனையடியில் வந்து நின்றது. நூல் பிடித்த மாதிரி.

பதினைந்தாவது பனை காலியாகத்தான் கிடந்தது. கீரிகள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை, கேன்டீனில் வியாபாரம். மாசிலாமணி இரண்டு குஞ்சையும் அங்கே சிறகுக்குள் வைத்துக்கொண்டு நின்றான். குமுதவல்லி தனியாக வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் புனுகுப்பூனை வந்தது. முகமெல்லாம் பூரிப்பு. தண்ணீர் சரியாகப் பதினாலில் நின்றதாம், கலை எப்பேர்ப்பட்ட வழியில் விஞ்ஞானத்தைச் சொல்லிவிடுகிறது பார்த்தாயா என்றது. பாதிக்கப்பட்டவள் என்ற முறையில் அடுத்த மார்கழியில் குமுதவல்லி மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றது. அழுகை வந்தால் அடக்க வேண்டாம், சுருதியோடு அழுதால் போதும் என்றும் சொன்னது.

குமுதவல்லி அதை நிமிர்ந்து பார்த்தாள். அன்று கொடுத்தது பாராட்டுச் சீட்டு இல்லை என்று அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. “அன்னிக்கு ஒன்பதுல ஏன் நிறுத்தச் சொன்னீங்க?”

“புலி ஐயாவுக்கு நேரமாயிடுச்சேம்மா” என்றது புனுகுப்பூனை. “கலைன்னா கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும்.”

மறுநாள் விமரிசகர் காக்கையின் அபிப்பிராயம் சபா மரத்தில் ஒட்டியிருந்தது. அணிலம்மாள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். மார்கழிக் கச்சேரியில் தனி கச்சிதம். சித்திரைக் கச்சேரியில் தனி கொஞ்சம் நீளம், ஐந்து நிறுத்தங்களைத் தாராளமாகக் குறைத்திருக்கலாம்.

நீதி: உயிர் பிழைக்க வேண்டியவர்கள் தலைமை விருந்தினர் வராத கச்சேரிக்குப் போகவும்.

கதை கேட்டவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். கழியோரமாக நடக்கப் போனால் காலடியைப் பார்த்து வையுங்கள். அந்த முட்டை மண் நிறத்தில்தான் இருக்கும்.