மருதாணி வைத்த நாற்பத்தேழு விரல்கள்

எடிசன், நியூஜெர்சி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள ஹசன் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லோருக்கும் துஆ செய்துகொண்டு நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. துஆ செய்கிறோம். சுகத்தைப் பற்றிக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாமிக்கு முழங்கால் வலி தேவலையா? வாட்ஸ்ஆப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். என் போனை உங்கள் தங்கச்சி சுலைகா என்னைவிட அதிகமாகப் பார்க்கிறாள், அதனால்தான். நேற்றிலிருந்து அவள்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவி. ஒன்பது வருடமாக அந்தப் பதவியில் இருந்தவன் நான். அவள் தானாகவே ராஜினாமா செய்யும்படி அண்ணன் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விவரம் கீழே.

எங்கள் வளாகத்தில் நாற்பத்தெட்டு வீடுகள், வீட்டுக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு விழாவிட்டால் தேர்தல் செல்லாது, பழைய தலைவரே தொடரலாம் என்பது விதி. ஒன்பது வருடமும் நாலைந்து பேருக்கு மேல் யாரும் வந்ததில்லை, ஆகவே நான் மக்கள் செல்வாக்குடன் தொடர்ந்தேன். ஓட்டுப் போடும் கிளப் ஹவுஸ் ஏதோ வெளியூரில் இல்லை மச்சான், செருப்புப் போட்டு நடந்தால் இரண்டு நிமிடம். ஆனால் ஒருவருக்குக் குழந்தையின் சாக்கர் ஆட்டம், இன்னொருவருக்குக் காஸ்ட்கோ கடை. இந்த வருடம் சங்கத்து வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது, ஒழுங்காகத் தேர்தல் நடத்தாவிட்டால் வெளியாள் ஒருவரை நியமிப்போம் என்று. பதறிப்போய் முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டு இப்ராஹிமிடம் போனேன். அவர் வட நைஜீரியாக்காரர், அங்கே வாத்தியாராக இருந்து நாலு தேர்தலில் வாக்குச்சாவடி அதிகாரியாக வேலை பார்த்தவர், இங்கே பார்மசிஸ்ட். மோட்டார் சைக்கிளில் துப்பாக்கியோடு வரும் கும்பலுக்குப் பயந்து ஓட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சோளக்காட்டு வழியாக நடந்திருக்கிறார். இப்போது அதே வேலையை அவர் தங்கை ஹவ்வா பார்க்கிறாளாம், அவர்கள் ஊரிலும் இதே சனிக்கிழமைதான் தேர்தல். "ஜனங்களைக் கெஞ்சிக் கூப்பிடாதே. இது நிஜமான தேர்தல் என்று அவர்களுக்குத் தோன்றட்டும், தானாக வருவார்கள்" என்றார். வாக்காளர் பட்டியலைக் கதவில் ஒட்டினார். அட்டைத் தட்டி வைத்து மறைவிடம் கட்டினார். என் பெயரை அச்சடித்த சீட்டில், வேறு யாரையாவது எழுத விரும்பினால் எழுதலாம் என்று ஒரு கோடும் போட்டார். அந்தக் கோட்டை நான் கவனிக்கவில்லை. விரலில் மை வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார், அது இல்லாத தேர்தல் அவருக்குத் தேர்தலே இல்லையாம். எனக்கும்தான். மைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பெருநாளுக்கு ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கி மிஞ்சிய மருதாணி கோன் ஆறு வீட்டில் கிடப்பது எனக்குத்தான் ஞாபகம் வந்தது. இப்ராஹிம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவர்கள் ஊர்ப் பெண்களும் மருதாணி வைப்பார்களாம். வைத்துவிட சுலைகாவை உட்கார வைத்ததும் நான்தான்.

பட்டியலும் மையும் வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, வாட்ஸ்ஆப் குரூப்பில் விரல் படம் ஒன்று வந்ததும் ஆளுக்கு ஆள் கிளம்பி வந்துவிட்டார்கள். மருதாணி வைத்தால் பத்து நிமிடம் காய வேண்டுமே, சீட்டில் பட்டால் செல்லாத ஓட்டு. ஆகவே ஒவ்வொருவரும் சுலைகா எதிரில் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சும்மா உட்காருவார்களா? குப்பைக் கூண்டின் கதவு நாலு மாதமாகச் சாத்த வரவில்லை, பனியைத் தள்ளி வீல்சேர் பார்க்கிங்கில் குவிக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று. இவள் கோனைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாள், யாருக்கு போன் பண்ண வேண்டும் என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறாள். என் முறை வந்தபோது, "சார், உங்க வீட்ல என்ன ப்ராப்ளம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். "ஒன்பது வருஷமா இதையேதான் சொல்றீங்க" என்றாள்.

விரல் காய்கிற நேரத்தில் இப்ராஹிமுக்கு ஹவ்வாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. காலையிலிருந்து அங்கே நெட்வொர்க் இல்லை, மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். காலையில் குன்றுப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படியே தரையில் படுத்தார்களாம். சத்தம் நின்றதும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அவரவர் இடத்தில் நின்றார்களாம். ஒருத்தி மட்டும் "நான் இவளுக்கு முன்னால் படுத்திருந்தேன்" என்று சண்டை போட்டாளாம். ஓட்டு எண்ணி முடித்துவிட்டு ஹவ்வா வீடு சேர்ந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்து நான் தட்டிக்குப் பின்னால் போய் நம் வீட்டு ஓட்டைப் போட்டேன். மொத்தம் நாற்பத்தேழு ஓட்டு, புளோரிடா போன ஒரு வீடு மட்டும் பாக்கி. இப்ராஹிம் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி உரக்கப் படித்தார். எனக்கு இருபத்து மூன்று, சுலைகாவுக்கு இருபத்து மூன்று. கடைசிச் சீட்டை அவரால் படிக்க முடியவில்லை, தமிழில் எழுதியிருந்தது. சுலைகா எட்டிப் பார்த்துத் தன் பெயர்தான் என்றாள். அது செல்லாது, விதிப்படி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று நான் மேசையைத் தட்டி வாதாடினேன். "எங்கள் ஊரில் எழுதத் தெரியாதவர் பெருவிரலை வைத்தாலே செல்லும், இவர் முழுப் பெயரே எழுதியிருக்கிறார்" என்று சொல்லி இப்ராஹிம் முடித்துவிட்டார். எங்களைத் தவிர இங்கே தமிழ் எழுதத் தெரிந்தவர் பதினான்காம் நம்பர் மரியதாசன், யாழ்ப்பாணத்துக்காரர். போய்ச் சண்டை பிடித்தேன். "தாவூத், நான் உங்கட பெயருக்கு நேரதான் டிக் போட்டனான். என்னை விடுங்கோ" என்கிறார். நம்பவா முடிகிறது?

ஆகவே மச்சான், சுலைகாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தையும் மாமியின் முழங்காலில் பலத்தையும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தலைவர்
சேக் தாவூத்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஸ்டாம்ப் கேட்கப் போனேன். "அண்ணனுக்கா? அந்தத் தமிழ் ஓட்டு யாருதுன்னும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு சுலைகா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்து இதை எழுதுகிறேன். மச்சான், அது என் ஓட்டுதான். தட்டிக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் பேனாவை எடுத்தபோது, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்ற அந்த வரிசைதான் மனதில் இருந்தது. இருபது பேரின் குறையைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவள் இவள், நான் இல்லை. கை தானாகத் தமிழில் எழுதிவிட்டது. வெளியே வந்ததும் பதவி ஆசை பிடித்துக்கொண்டது, அதனால்தான் அந்த வாதாட்டம். ஒன்பது வருடம் தலைவனாக இருந்தவன், ஓட்டு என்று ஒன்று போட்டது நேற்றுத்தான். மரியதாசனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நீங்கள் போன் செய்தால் உங்கள் தங்கச்சிக்கு வாழ்த்து மட்டும் சொல்லுங்கள்.