இருபுறக் கறுப்புப்பட்டை வதைப் படலம்

வாழ்க மாவீரன்! சக்கர நாற்காலியே தேராக, விசைப்பலகையே வில்லாக ஈராண்டு தவமிருந்து, தமக்கை தீட்டிய தட்டையான காட்டுப் படத்துக்குள் ஒரு குட்டி முயலை ஓடவிட்டு வீடியோ கேம் படைத்த நிரலெழுதும் கோமான் நீடு வாழ்க! அவன் படைப்பை ஆடிப் பார்த்துப் பாராட்டி எழுதிய மானிடர் இவ்வகன்ற வையத்தில் ஒரே ஒருவர். அந்த ஒருவரிடமிருந்தே ஒருநாள் காலை போர்முரசென வந்திறங்கியது மின்னஞ்சல்.

"புது மானிட்டர் வாங்கிட்டேன். ரொம்ப அகலம். உங்க கேம்ல ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியுது. சரி பண்ணாட்டி நான் ஆடப்போறதில்ல."

இருந்த ஒரே ரசிகரும் போய்விடுவாரே! ஆயினும் வீரன் அஞ்சினானல்லன். முதற்கணையாகப் படத்தை இருபுறமும் இழுத்தான், முயல் பன்றியாயிற்று. இரண்டாங்கணையாகப் பெரிதாக்கினான், மேலும் கீழும் வெட்டுண்டு, முயலின் காதும் போயிற்று, காலும் போயிற்று. மூன்றாவதாக, விழி சிவக்க, பல் நறநறக்க, பிரம்மாத்திரம் தொடுப்பவனைப் போலக் கறுப்புப் பட்டைகளையே பிளந்தெறிந்தான். அந்தோ! திரைக்கு வெளியே யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அவன் ஒளித்து வைத்திருந்தவை யாவும் அம்பலமாயின. பாதியில் நின்றுபோன மரங்களுக்கிடையே, திடீரெனப் பாய்ந்து வந்து குலைநடுங்க வைக்க வேண்டிய அரக்கர்கோன், பேருந்துக்குக் காத்திருப்பவனைப் போலத் தேமே என்று நின்றுகொண்டிருந்தான்.

மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் தமக்கையின் அறைவாயிலில் சரண்புகுந்தான் வீரன்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா? மூணு நாள் ஆகும், போ!" என்று முழங்கினாள் தூரிகைப் பேரரசி. முழங்கியவள், மணிக்கட்டு வீங்க, கண் எரிய, மூன்று பகல் இலை இலையாகத் தீட்டி, இருமருங்கும் அடர்புதர் வளர்த்து, அரக்கனை அவன் மானத்தோடு மறைத்தாள். பட்டைகள் மாண்டன! காடு அகன்றது! வெற்றிக் கேம் ரசிகரை நோக்கி விரைந்தது. வீரனோ நெஞ்சு நிமிர, விழி இமையாது, பதிலுக்குக் காத்திருந்தான்.

வந்தது பதில்.

"புதரெல்லாம் பிரமாதம்! ஒரே ஒரு சின்ன விஷயம். மேசையில இடம் பத்தலன்னு மானிட்டரை நேத்து நெட்டுக்குத்தா நிறுத்திட்டேன். இப்ப மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை தெரியுது."

அவன் அக்காவிடம் எதுவும் சொல்லாமல் சாப்பிடப் போனான்.