ஜானட் கல்யாணத்துக்கு ஊரே சொன்ன தடை

ராயபுரம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சான் ஃப்ரெடிக்கு, மாமா ஜார்ஜ் ஆசீர்வதித்து எழுதுவது. இயேசுவுக்கே புகழ். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா சிலுவையம்மாள் பக்கத்தில் நின்று முறைப்பதால் உண்மையை எழுதுகிறேன்.

நம் ஜானட்டுக்கும் எண்ணூர் ஜெரிக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறார்களே, கப்பலில் இருக்கும் சொந்தங்களும் பார்க்கட்டும் என்று அதைப் போனில் போட ஆப் செய்தாய். ஓலை என்றால் இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று கேட்டாக வேண்டும். அதற்கு ஒரு பட்டன், அதன் கீழே வாழ்த்துக்கு ஒரு பட்டன். "போன்ல இறக்கிக்கிற ஆப்னா படம், பட்டன் எல்லாம் உள்ளயே கீது மாமா, எதுவும் அசையாது. ஆனா நம்ம ஜனங்க போன்ல இடம் ஏது? லிங்க்கத் தொட்டா தொறக்குற வெப் ஆப்பே போதும்" என்று தீர்ப்புச் சொல்லி, இறக்குகிற ஆப்பைச் சோதனைக்கு ஜானட் போனில் மட்டும் போட்டுவிட்டு பெங்களூர் ரயிலேறிவிட்டாய்.

நேற்று பூசை முடிந்ததும் கோயில் பங்கு ஜனம் முழுக்க லிங்க்கைத் திறந்தது. கூட்டத்தில் நெட் நகருமா? முதலில் பட்டன்கள் மட்டும் வந்தன. எல்லோரும் வாழ்த்தைத் தொடப் போக, அந்த நேரம் பார்த்து ஜோடிப் படம் சாவகாசமாக மேலே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கீழே தள்ள, வாழ்த்து இருந்த இடத்துக்குத் தடை வந்துவிட்டது. ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தாய் தடை. அட்வான்ஸ் வாங்கிய பேண்டுக்காரர் தடை. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா தடை. ஐயோ மச்சான், பெற்ற அப்பன் நானே தடை! ஜெரியின் அப்பா வாசலில் வந்து நின்று, "இன்னா சம்பந்தி, பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்றதுதானே? பேண்டுகாரன்கூட வேணாங்கறானே!" என்று கத்துகிறார். பங்குச் சாமியாரோ எல்லாத் தடையையும் விசாரிக்காமல் கல்யாணம் இல்லை என்கிறார். ஆகவே, விழுந்த தடை அத்தனையும் வெப் ஆப்பின் கோளாறு, ஒருவர்கூட மனதாரச் சொல்லவில்லை என்று சாமியாருக்கு இது கிடைத்த அன்றே எழுதி அனுப்பு.

மாதா உன் வீட்டைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

உன் மாமா,
ஜார்ஜ்

பி.கு.: சாமியாருக்கு எதுவும் எழுதாதே. உறையை ஒட்டக் கொடுத்த இடத்தில் ஜானட் இதைப் படித்துவிட்டாள். "நைனா, நானுந்தான் தடைன்னு அமுக்கினேன். என் போன்ல பட்டன் அசையவே இல்ல. வாயால சொன்னப்போ நீ எங்க கேட்ட?" என்றாள். பிறகு லிங்க்கைத் திறந்து, படம் முழுசாக வந்து இறங்கும்வரை காத்திருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நானும் தடையை இன்னொரு முறை அமுக்கினேன்.